சாலையோரம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுபடாமல் காப்பது எப்படி? டர்பன் நண்பர்கள் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் மல்லிகை

வணக்கம். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர்கள் டி.எல்.பி. (வாளி பொருத்திய மண்தோண்டும் வண்டி) வைத்துத் தோண்டியதில் ஃபைபர் கேபிள் அறுந்து, தெரு முழுக்க இணையம் போய்விட்டது. மகளுக்குத் தேர்வு நேரம். பக்கத்து வீட்டுக்காரர் கால் சென்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர், அவருக்குச் சம்பளமே போயிற்று. யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அடுத்து மண்ணைத் தோண்டப்போவது நாங்கள்தான். வீட்டு முன்மதிலை இடித்துக் கட்டுகிறோம். தைப்பூசக் காவடிக்குக் கோயில் வாசலில் கூடாரம் போடுவதும் எங்கள் குழுவின் பொறுப்பு. இரண்டுக்கும் மண்ணில் இரும்பு இறங்கும். முன்னதாக யாரிடம் கேட்க வேண்டும்? வரைபடம் தருவார்களா? தந்தால் நம்பலாமா?

நெல்லை இழை

அக்கா, கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே கேட்கிறீர்கள், பலர் அறுந்த பிறகுதான் கேட்பார்கள். நான் உம்லாங்காவில் நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண் இருக்கிறது. தோண்டப்போகிறவர் அதில் சொன்னால் போதும். அந்த இடத்தில் குழாயோ கம்பியோ வைத்திருப்பவர்கள் வந்து தரையில் வண்ணம் பூசிக் காட்டிவிடுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, குடிநீருக்கு நீலம், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு. தோண்டுபவருக்குச் செலவில்லை. நமக்கு இங்கே அப்படி ஒரே கதவு கிடையாது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் டர்பனின் எதெக்வினி நகராட்சியில் கேட்க வேண்டும். ஃபைபருக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஓபன்சர்வ், வூமாடெல் என்று ஒரே நடைபாதை ஓரத்தில் இரண்டு மூன்று பேருடைய குழாய்கள் பக்கம்பக்கமாக ஓடும் தெருக்கள் உண்டு. உங்கள் வீட்டு இணைப்பு ஒருவருடையது என்பதால் அவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வெளியே போய்த் தரையில் இருக்கும் சின்ன மூடிகளையும் பாருங்கள். ஒவ்வொரு மூடியிலும் பெயரோ குறியோ இருக்கும். எத்தனை விதமான மூடிகள் தெரிகின்றனவோ, குறைந்தது அத்தனை பேரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் வரைபடம். தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கேபிள் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள். மதிலிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை ஆழத்தில் என்பதற்கு அதை நம்பி இயந்திரத்தை இறக்காதீர்கள்.

வெருலம் மண்வேலை

மேலே எழுதிய தம்பி நியாயமாகத்தான் சொல்கிறார். ஆனாலும் எங்கள் தரப்பையும் யாராவது எழுத வேண்டும். கேபிள் அறுந்தால் முதல் விரல் டி.எல்.பி. ஓட்டியவனை நோக்கித்தான் நீளும். அந்தக் கேபிளைப் புதைத்தவன் எப்படிப் புதைத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

600 மில்லிமீட்டர் ஆழம் என்று காகிதத்தில் இருக்கும். புல்லைச் சுரண்டினால் ஒரு சாண் ஆழத்தில் குழாய் தெரியும். மேலே எச்சரிக்கை நாடா இருக்காது. வரைபடத்தில் தெரு முழுக்க ஒரு நேர்கோடு. மண்ணுக்குள்ளே மரத்தைச் சுற்றி, பாறையைச் சுற்றி, ஒருவர் வீட்டு வாசலுக்கு அடியில் வளைந்து போயிருக்கும். பள்ளம் வெட்டுகிறவர்களுக்குப் பல இடங்களில் மீட்டர் கணக்கில்தான் கூலி. கல் வந்தால் அந்த இடத்தில் ஆழம் குறையும். மாலைக்குள் மூடிவிடுவார்கள், மூடிய பிறகு அளக்க வருகிறவருக்குப் புதுமண் மட்டும்தான் தெரியும்.

நான் குழாய் வேலை எடுக்கிறவன். என் ஆட்கள் கவனமாக வெட்டட்டும், அது எங்கள் கடமை. ஆனால் புதைத்தவனுக்கும் கடமை உண்டு. திறந்திருக்கும் பள்ளத்திலேயே ஆழத்தை அளந்து, அளவுகோலோடு படம் எடுத்து, அந்தப் புள்ளியை வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என் மேல் பழி போடட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

நெல்லை இழை

அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். நடைபாதை ஓரத்தில் 600 மில்லிமீட்டர் அளவு, சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் அளவு, குழாய்க்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மேலே எச்சரிக்கை நாடா. வழக்கம் இதுதான். தார்ச்சாலையைக் குறுகலாக அறுத்து நுண்குழாயை இறக்கும் முறையில் ஆழம் இதைவிட நன்றாகக் குறையும். அதுவும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒழுங்காகப் புதைத்ததும் காலப்போக்கில் மேலே வந்துவிடும். சாட்ஸ்வொர்த் மாதிரி சரிவான இடத்தில் ஒருவர் வீட்டுக்குக் கார் ஏறும் பாதை போட ஓரத்து மேட்டை வெட்டி இறக்கினால், 600 ஆக இருந்த ஆழம் அன்றைக்கே பாதியாகிவிடும். கேபிளை யாரும் தொடவில்லை, மேலிருந்த மண்தான் போனது. வரைபடத்தில் பழைய ஆழமே நிற்கும்.

டோங்காட் தாத்தா

2022 ஏப்ரல் வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது. குவாசூலு நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர் போன வெள்ளம். எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நேரத்தில் எத்தனை இடத்தில் அவசர அவசரமாகத் தோண்டினார்கள், எத்தனை இடத்தில் மண் சரிந்து வேறு மண் கொட்டினார்கள்! ஆற்றோரத்திலும் சரிவிலும் அதற்கு முன் வரைந்த எந்த வரைபடத்தையும் நான் நம்ப மாட்டேன். மண்ணே இடம் மாறிவிட்டது ஐயா.

லெனேஷியா ஸ்ப்ளைசர்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அறுந்த கேபிளை ஒட்டுவதுதான் என் தொழில். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெருவில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்.

கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், தலைமுடி அளவு. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். இரண்டு முனைகளையும் சுத்தம் செய்து, நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். அறுந்த இடத்தில் கேபிள் நீளம் குறைந்துவிடும், அதனால் நடுவில் புதுத் துண்டு போட வேண்டியிருக்கும். ஆக இரண்டு மூட்டுகள். 96 இழை உள்ள கேபிள் என்றால் 192 ஒட்டு. அதுவும் சேறு நிறைந்த குழியின் ஓரத்தில், மழை வந்தால் கூடாரத்துக்குள்ளே.

வீடுகளுக்குப் போகும் இணைப்பில் ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். பிரிவதற்கு முன்னால் அறுந்தால் அத்தனை வீடும் போகும். வீட்டு வாசலில் ஒரு குழி, எங்கேயோ இருக்கிற தெருவில் இணையம் இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதே இல்லை.

இன்னொன்று, தோண்டுகிற அண்ணன்மார் தெரிந்துகொள்ள வேண்டியது. வாளி கேபிளை வெட்டுவதோடு நிற்பதில்லை, முதலில் இழுக்கிறது. இழுத்த இழுப்பில் பல மீட்டர் தள்ளி, சில சமயம் அடுத்த மேன்ஹோலுக்குள்ளேயே இழை முறிந்திருக்கும். ஓ.டி.டி.ஆர். கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து முறிவு எத்தனை மீட்டரில் என்று காட்டும். குழிக்கு எதிரே ஒட்டி முடித்த பிறகும் ஒளி வராமல், அப்பால் இன்னொரு முறிவைத் தேடி ஓடிய இரவுகள் நிறைய.

ஆகவே கேபிள் மாட்டியது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். கேபிள் அறுபடாமல் குழாய் மட்டும் நசுங்கியிருந்தாலும் சொல்லுங்கள். நசுங்கிய இடத்தில் தண்ணீரும் மணலும் புகும், சில மாதம் கழித்து வேறு யாருக்கோ தலைவலி ஆகும். முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடித் துணுக்குகளை வெறுங்கையால் தொடவும் கூடாது.

பீனிக்ஸ் பிளம்பர்

எங்கள் வேலையில் வருகிற ஒரு சிக்கலை யாரும் சொல்லவில்லை. சாலையை வெட்டாமல் அடியில் துளைத்துக்கொண்டு ஃபைபர் குழாய் போடுகிறார்களே, மோலிங் என்று சொல்வது. அந்தத் துளை சில சமயம் கழிவுநீர்க் குழாயின் நடுவே ஊடுருவிப் போய்விடும். துளைத்தவருக்குத் தெரியாது, அன்றைக்கு எந்தக் கோளாறும் இருக்காது. ஃபைபர் குழாயில் துணியும் கொழுப்பும் சிக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். பிறகு வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் சுழலும் கத்தி உள்ள கம்பியை உள்ளே விடுவோம். கழிவுநீர் போய்விடும், கூடவே தெருவின் இணையமும் போய்விடும்.

அதனால் ஃபைபர் போட்ட தெருவில் வாசலுக்கு வெளியே அடைப்பு என்றால், முதலில் குழாய்க் கேமரா விட்டுப் பாருங்கள் என்று நான் எல்லாப் பிளம்பர்களிடமும் சொல்கிறேன். துளைக்கிறவர்களும் போட்டு முடித்ததும் அருகிலுள்ள கழிவுநீர்க் குழாய்க்குள் ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கக் கூடாது.

நெல்லை இழை

பிளம்பர் அண்ணே, இது எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு. தெரிந்தே கழிவுநீர், மழைநீர்க் குழாய்களுக்குள் ஃபைபரைக் கொண்டுபோகும் முறையும் இங்கே உண்டு. லிங்க் ஆப்பிரிக்கா என்ற நிறுவனம் அந்த முறையில்தான் போட்டது. அங்கே கேபிள் இருப்பது பதிவில் இருக்கும். நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாமல் உள்ளே போனது, அதுதான் ஆபத்து.

மாரிட்ஸ்பர்க் வழக்காடி

லிங்க் ஆப்பிரிக்கா பெயர் வந்ததால் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2005இன் மின்னணுத் தொடர்புச் சட்டம், 22ஆம் பிரிவு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் பிறர் நிலத்தில் கேபிள் போட இடம் தருகிறது. ட்ஷ்வானே (பிரிட்டோரியா) நகராட்சி அதை எதிர்த்தது. 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம், நில உரிமையாளரின் சம்மதம் கட்டாயமில்லை, ஆனால் நகராட்சியின் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட்டே போட வேண்டும் என்றது. வேலீவ் என்ற தோண்டும் அனுமதி வாங்குவது, தோண்டியதைப் பழையபடி சரிசெய்வது எல்லாம் இதற்குள் வரும். ஆழமில்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நகராட்சியிடம் புகார் செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது.

தோண்டுபவர் பக்கம் 2014இன் கட்டுமான ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. 13ஆம் விதி பள்ளம் தோண்டுவது பற்றியது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு போன்றவை எங்கே, எப்படி ஓடுகின்றன என்று இயன்ற அளவு கண்டறிந்த பிறகே தோண்ட வேண்டும் என்கிறது. நோக்கம் மனித உயிரைக் காப்பது. அதே ஓரத்தில் மின்கேபிளும் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஃபைபர் அறுந்தால் இணையம் போகும். மின்கேபிளில் கடப்பாரை பட்டால் ஆளே போவார்.

இழப்பீடு என்று வந்தால் கவனக்குறைவு இருந்ததா என்பதே கேள்வி. கேட்டோம், வரைபடம் வாங்கினோம், கையால் தோண்டிப் பார்த்தோம் என்பதற்கு எழுத்திலும் படத்திலும் சான்று வைத்திருப்பவர் நிலை வேறு. மல்லிகை அம்மா, மின்னஞ்சலிலேயே கேளுங்கள், பதிலை எடுத்து வையுங்கள்.

போர்ட் லூயி கரை

மொரீஷியஸிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. உங்கள் கரையிலுள்ள ம்துன்சினியிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ், கொச்சி வழியாகப் பினாங்கு வரை போட்ட சேஃப் கடல்கேபிளில் எங்கள் தீவின் பேச்சும் ஓடியது. கரையோரத்தில் அப்படிப்பட்ட கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் சுற்றியிருப்பார்கள். கரையேறித் தெருவுக்குள் வந்ததும் அந்தக் கவசம் இல்லை, ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். எங்களைப் போன்ற சின்னத் தீவில் அந்தத் தெருவில் ஒருவர் வேலிக்கம்பம் நட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்த உரையாடலை விடாமல் படிக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மல்லிகை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். வரைபடத்தை முழுசாக நம்பக் கூடாது என்றால், கண்டுபிடிக்கிற கருவியை வாடகைக்கு எடுத்தால் போதுமா? கூடாரத்துக்கு என்ன செய்வது?

லெனேஷியா ஸ்ப்ளைசர்

அக்கா, கருவி உலோகத்தைத்தான் கேட்கும். ஃபைபர் கண்ணாடி, சுற்றி இருப்பது பிளாஸ்டிக். கேபிளில் உலோகக் கவசமோ, கூடவே புதைத்த தேடுகம்பியோ இருந்தால்தான் சமிக்ஞை வரும். இல்லையென்றால் கருவி சத்தமே போடாது, நாம் எதுவும் இல்லை என்று நினைத்துவிடுவோம். தரையூடுருவி ரேடார் இருக்கிறது, ஆனால் ஈரமான களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும், விரல் தடிமன் நுண்குழாயைப் பிடிப்பது கஷ்டம். வாடகைக்கு எடுங்கள், மின்கேபிளைக் கண்டுபிடிக்கவாவது உதவும். கருவி அமைதியாக இருப்பதை மட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெருலம் மண்வேலை

தங்கச்சி, மதிலுக்கு நான் சொல்கிறேன். வரைபடத்தில் கோடு எங்கே இருக்கிறதோ, அதற்குக் குறுக்காகச் சின்னச் சோதனைக் குழிகள் கையால் வெட்டுங்கள். மண்வெட்டியைச் சாய்த்துச் சீவிச் சீவி எடுக்க வேண்டும். கடப்பாரையை நேராகக் குத்தவே கூடாது, பிக் என்ற கூர்முனைக் கோடாலியையும் ஓங்கக் கூடாது. நாடா தெரிந்தால் அதற்குக் கீழே கையால் மட்டும். குழாயைக் கண்ணால் பார்த்த பிறகு பெயிண்டால் தரையில் குறியிடுங்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே அது நேராகத்தான் போகிறது என்று எண்ணாமல் இன்னொரு குழி போடுங்கள். குறிக்கு இரண்டு பக்கமும் அரை மீட்டருக்கு இயந்திரம் வேண்டாம்.

இதைவிட முக்கியம் ஆட்களிடம் சொல்வது. காண்டிராக்டரிடம் வரைபடம் இருக்கும், ஆனால் கையில் பிக் வைத்திருக்கும் பையன் அதைப் பார்த்தே இருக்க மாட்டான். வேலை தொடங்கும் காலையில் எல்லோரையும் கூட்டி, ஸூலுவில் பேசத் தெரிந்த ஃபோர்மேனை வைத்து, எங்கே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். ஒரு துண்டு நாடாவையும் குழாயையும் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கண்டால் நிறுத்து, நிறுத்தினால் அன்றைய கூலி குறையாது என்றும் சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கு இல்லையென்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள். கூலிக்குப் பயந்து மூடிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அப்படி வைத்திருக்கிற நம் மேல்தான் வருகிறது.

டோங்காட் தாத்தா

கூடாரத்துக்கு நான் சொல்கிறேன் அம்மா. தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில், நம் ஊரில் மழைக்காலம். மண் இளகியிருக்கும், முளை பிடிக்கவில்லை என்று பையன்கள் நீளமான இரும்பு முளையாக எடுத்துச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். ஒரு மீட்டர் இரும்பு உள்ளே போனால் 600இல் இருக்கும் எதையும் துளைத்துவிடும். கோயில் வளாகத்துக்குள் முளை அடியுங்கள், அங்கே என்ன ஓடுகிறது என்று கமிட்டிக்குத் தெரியும். சாலையோரத்தில் முளையே வேண்டாம். கான்கிரீட் கட்டிகளோ தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். எத்தனை எடை வேண்டும் என்று கூடாரம் வாடகைக்குத் தருபவரிடம் கேட்டு வாங்குங்கள், நம் கரையோரக் காற்றுக்குக் குத்துமதிப்பு ஆகாது.

பீனிக்ஸ் பிளம்பர்

தாத்தா சொன்னது கல்யாணக் கூடாரங்களுக்கும் சேர்த்துத்தான். வார இறுதியில் பீனிக்ஸ் பக்கம் எத்தனை கூடாரம் நிற்கும்! ஒவ்வொன்றின் ஓரக்கயிறும் வேலியைத் தாண்டி நகராட்சி நிலத்தில்தான் முளையடித்திருக்கும்.

நெல்லை இழை

தாமிரத் திருட்டைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். தற்செயல் சேதம் அது இல்லை, ஆனால் தொடர்பு உண்டு. தாமிரம் என்று நினைத்து வெட்டிவிட்டு, உள்ளே கண்ணாடி என்று தெரிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். மூடியிலும் கம்பத்திலும் இதில் தாமிரம் இல்லை என்று ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது பயன் தரும். அத்தியாவசியக் கட்டமைப்பைச் சேதப்படுத்தினால் 30 ஆண்டு வரை சிறை என்று 2015இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் நம் தெருக்களில் கேபிளை அதிகம் காப்பது சோதனைக் குழிதான் என்பது என் கருத்து.

சாட்ஸ்வொர்த் மல்லிகை

சரி. மதில் கட்டும்போதே வாசலிலிருந்து வீட்டுக்குள் வரும் எங்கள் சொந்தக் குழாயையும் மாற்றச் சொல்கிறார் கொத்தனார். பின்னால் யாராவது தோண்டினால் தெரிய வேண்டும். என்ன சேர்த்துப் போடலாம்?

லெனேஷியா ஸ்ப்ளைசர்

குழாயோடு ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் உறையிட்ட ஒற்றைத் தாமிரக் கம்பி ஒன்றைக் கூடவே போடுங்கள் அக்கா, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக. இரண்டு முனையையும் பெட்டிக்குள் வெளியே தெரிகிற மாதிரி விட்டு வையுங்கள், அப்போதுதான் கருவியை மாட்ட முடியும். நாடாவைக் குழாய் மேலேயே ஒட்டி வைக்காமல் பாதி ஆழத்தில் விரிக்கச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் மதில் மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து, அந்த அளவைப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். முழங்கை வளைவு போடும் இடத்தில் சதுரமான முழங்கை வேண்டாம், பெரிய வளைவாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேபிளை உள்ளே தள்ளவே முடியாது.